புத்திமதி போதாத பிள்ளைகள்

பெற்றோர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'கவனக்குறைவு மிகைஇயக்கக் குறைபாடு'. சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் மருத்துவப் பாடம் நடக்கப்போகிறது என்று அஞ்ச வேண்டாம். நான் மருத்துவர் அல்லேன். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியையாக நெடுங்காலம் இருந்து, பின்பு ஆலோசகர் பயிற்சி பெற்று, குடும்பச் சேவை நிலையம் ஒன்றில் பெற்றோரோடு உட்கார்ந்து பேசும் வேலையைச் செய்து வருபவள். ஆகவே வகுப்பிலும் வீட்டிலும் கண்டதைத்தான் பெரும்பாலும் சொல்வேன். மருத்துவர்கள் கண்டறிந்தவற்றில் நமக்கு வேண்டியதை இடையிடையே சேர்த்துக்கொள்கிறேன்.

நம் வீடுகளில் இந்தக் குறைபாட்டிற்கு ஏற்கெனவே பெயர்கள் உண்டு. ஆண்பிள்ளைக்கு வந்தால் 'வாலு', 'அடங்காப்பிடாரி'. பெண்பிள்ளைக்கு வந்தால் 'தூங்குமூஞ்சி'. வளர்ந்த ஆளுக்கு இருந்தால் 'பொறுப்பில்லாதவன்'. இத்தனை பெயர்களுக்கும் பின்னால் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. அவன் நினைத்தால் செய்யலாம், நினைக்க மாட்டேன் என்கிறான் என்பதே அது. அந்த எண்ணம் சரிதானா என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

தொடக்கநிலை நான்கில் படித்த ஒரு மாணவன். தாயார் வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புவார். சமைத்து முடித்துவிட்டு, பதினொரு மணி வரை அவனருகில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடிக்க வைப்பார். பல நாள் இருவரும் அழுதுதான் முடிப்பார்கள். முடித்த தாள் பைக்குள் போகும். மறுநாள் காலையில் ஆசிரியர் வீட்டுப்பாடத்தை எடுத்து வைக்கச் சொல்வார். மற்றப் பிள்ளைகள் எடுத்து வைப்பார்கள். இவன் பைக்குள் கையை விடுவான். ஓர் அழிப்பான் தட்டுப்படும். அதிலுள்ள படத்தைப் பார்ப்பான். அவ்வளவுதான். தாள் பைக்குள்ளேயே கிடக்கும். 'வீட்டுப்பாடம் ஒப்படைக்கவில்லை' என்று குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதி அனுப்புவார்கள். அன்று மாலை தாயார் பையைத் திறந்தால், முதல் நாள் இரவு கண்ணீரோடு முடித்த அதே தாள், கசங்கி, அடியில் இருக்கும்.

"டீச்சர், என்னைப் பழிவாங்குறதுக்குத்தான் இப்படிச் செய்யிறான்னு நினைச்சேன்" என்றார் அந்தத் தாயார்.

சற்று யோசித்துப் பாருங்கள். இவனைச் சோம்பேறி என்று சொல்ல முடியுமா? வேலையைத்தான் செய்து முடித்துவிட்டானே! அறிவில்லாதவன் என்று சொல்லலாமா? கணக்குகள் சரியாகத்தான் இருந்தன. வீட்டுப்பாடத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது தெரியாதா? நூறு முறை சொல்லியாகிவிட்டது, கேட்டால் அவனே ஒப்பிப்பான். தெரிந்ததை, செய்ய வேண்டிய அந்த ஒரு நிமிடத்தில் நினைவில் பிடித்துவைத்துச் செய்ய முடியவில்லை. இந்தக் குறைபாட்டின் நடுப்புள்ளி இதுதான். நாம் கொடுப்பதோ புத்திமதி. புத்திமதி தெரியாதவனுக்கு உதவும். தெரிந்தும் அந்த நேரத்தில் கைகூடாதவனுக்கு நூற்றோராவது முறை சொல்வதால் என்ன பயன்?

மருத்துவ உலகமே இதைப் புரிந்துகொள்ள நெடுநாளாயிற்று. 1902ஆம் ஆண்டில் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவுக்குறை இல்லாமலிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். கூர்மையாகக் கவனித்த அவரும் அதற்கு 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை' என்ற பொருள்படத்தான் பெயர் வைத்தார். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 'கவனக்குறைபாடு' என்ற சொல்லுக்கு வந்தது. 1987இல் இப்போதைய பெயர் நிலைத்தது.

2007ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய மனநலக் கழகத்தின் ஆய்வாளர்கள் பிள்ளைகளின் மூளைப் படங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்து ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறை உச்சத் தடிப்பை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு நடுத்தரமாக ஏழரை என்றால், இந்தப் பிள்ளைகளுக்குப் பத்தரை. ஏறக்குறைய மூன்று ஆண்டுப் பின்னடைவு. அதிலும் திட்டமிடுவதற்கும் பொறுப்பதற்கும் உரிய முன்பகுதியில்தான் தாமதம் அதிகம். கைகால்களை இயக்கும் பகுதி மட்டும் சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது. வண்டியின் இயந்திரம் ஓடத் தயாராக இருக்கிறது, பிரேக் இன்னும் பொருத்தி முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன். தாமதம் என்றுதான் சொல்கிறேன். வளர்ச்சியின் வரிசை மற்றவர்களுக்கு உள்ளதே.

நமக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. குழந்தைப் பருவத்தில் சூரியனைப் பழம் என்று எண்ணித் தாவியவர், முனிவர்களின் வேள்விப் பொருள்களைக் கலைத்து விளையாடியவர், அனுமன். தன் ஆற்றல் தனக்கே மறந்துபோகும்படி அவருக்குச் சாபம். அனுமனுக்கு ஏ.டி.எச்.டி. என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நான் இந்த மண்டபத்தை விட்டு நல்லபடியாக வீடு போய்ச் சேர முடியாது! நான் பார்ப்பது ஜாம்பவானை. அவர் கிஷ்கிந்தையில் உட்கார்ந்து அறிவுரை வழங்கிக்கொண்டிருக்கவில்லை. கடற்கரையில், தாண்ட வேண்டிய அந்த இடத்தில், தாண்ட வேண்டிய அந்த நேரத்தில் நினைவூட்டினார். திட்டவும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்த ஜாம்பவான் வேலைதான்.

அந்த மாணவனுக்குச் செய்ததும் அதுவே. கடையில் ஒரு சிவப்புக் கோப்பு வாங்கினோம். முடித்த தாள் அதைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது. வகுப்பாசிரியரிடம் பேசி, வாசலருகே ஒரு தட்டு வைக்கச் செய்தோம். இவன் வகுப்புக்குள் நுழையும்போதே, உட்காருவதற்கு முன்பே, கோப்பை அதில் போட்டுவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் ஆசிரியர் "சிவப்பு" என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். குறிப்பேட்டில் வரும் சிவப்பு எழுத்துகள் வாரத்திற்கு ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைந்தன. அந்த ஒன்று இன்றும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அற்புதம் எதையும் நான் விற்க வரவில்லை.

குறைபாட்டின் அறிகுறிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பொருள்களைத் தொலைப்பது, தொடங்கியதை முடிக்காமல் விடுவது, பேசுவது காதில் விழாதது போல் இருப்பது ஒரு வகை. உட்கார முடியாமல் நெளிவது, கேள்வி முடியுமுன் பதில் சொல்வது, வரிசையில் காத்திருக்க இயலாமை இன்னொரு வகை. இரண்டும் கலந்தும் இருக்கும். இவை எல்லாப் பிள்ளைகளிடமும் கொஞ்சம் உண்டு. ஆனால் ஆறு மாதத்திற்கு மேல் தொடர்ந்து, பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தென்பட்டு, வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்குப் போனால்தான் மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்வார். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதற்குக் கிடையாது. செவிக்குறை, கண்குறை, தூக்கக் குறை, வீட்டில் சண்டை, மனக்கவலை ஆகியவையும் இப்படித் தோற்றமளிக்கும் என்பதால் அவற்றையும் பார்த்தாக வேண்டும். இன்று இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டிற்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு யாரும் பெயர் சூட்டிவிடாதீர்கள்.

உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது உண்டு. ஆண்பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு பெண்பிள்ளை என்பது கணக்கு. ஆனால் ஆலோசனைக்கு வருவோரில் பெண்பிள்ளைகளை அந்த அளவுக்கு நான் காண்பதில்லை. மேசை மீது ஏறுகிறவனை எல்லாரும் பார்க்கிறார்கள். சன்னலோரம் உட்கார்ந்து, முகத்தில் சிரிப்போடு, பாடத்தில் ஒரு சொல்லும் உள்ளே போகாமல் இருக்கும் சிறுமி யாருக்கும் தொல்லை தருவதில்லை. "நல்ல பிள்ளை, கொஞ்சம் மந்தம்" என்று எழுதிவிடுகிறோம். அந்தச் சொல்லை அவள் நம்பிவிடுகிறாள். பதினைந்து வயதில் மனச்சோர்வோடு வரும்போதுதான் பழைய கதை வெளியே வருகிறது.

"கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கிறானே, அங்கே மட்டும் எப்படிக் கவனம் வருகிறது?" என்று பெற்றோர் தவறாமல் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த விளையாட்டு நொடிக்கொரு தரம் பரிசு கொடுக்கிறது. ஒலி, வண்ணம், வெற்றி, தோல்வி எல்லாம் அப்போதைக்கப்போதே. வீட்டுப்பாடத்தின் பரிசோ தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், இரண்டு ஆண்டுகள் கழித்து. இவனிடம் கவனம் இருக்கிறது, அதைத் தன் விருப்பப்படி திருப்பும் பிடிதான் தளர்வாக இருக்கிறது. எனவே பரிசைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். பத்து நிமிடம் எழுதினான் என்றால் பத்தாவது நிமிடத்திலேயே ஒரு நல்ல சொல். ஆண்டு முடிவில் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்பது இவனுக்கு அடுத்த பிறவியில் தருகிறேன் என்பது போல.

அடுத்து, அடி. 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியைச் சொல்லி, ரோத்தானை அலமாரிக்கு மேல் வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் உண்டு. அடித்தால் அன்றைக்கு அடங்குவான், மறுக்கவில்லை. ஆனால் அடி கற்றுக்கொடுப்பது 'நான் கெட்டவன்' என்ற ஒன்றை மட்டும்தான். மறதியைப் போக்காது. இன்னொரு தண்டனையும் எனக்குப் பிடிக்காதது. ஓய்வு நேரத்தில் வெளியே விடாமல் வகுப்பிலேயே உட்கார வைப்பது. ஓடி ஆடினால்தான் அடுத்த பாடத்தில் உட்காருவான் என்ற பிள்ளையிடமிருந்து அந்த ஓட்டத்தையே பறிப்பதில் என்ன தெளிவு இருக்கிறது?

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. அடுக்களையிலிருந்து கூவாதீர்கள், அருகில் போய்த் தோளைத் தொட்டுச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. 'குளி, சாப்பிடு, பையை அடுக்கு, பாட்டிக்குத் தண்ணீர் கொடு' என்று நான்கைச் சேர்த்துச் சொன்னால் முதலாவதோடு நின்றுவிடும். காலை வேலைகளைப் படமாக வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டுங்கள். நேரம் என்பது இவர்கள் கண்ணுக்குப் படாத ஒன்று. அதனால் மணி அடிக்கும் கடிகாரத்தை மேசை மேல் வையுங்கள். தாத்தா பாட்டி உள்ள வீட்டில் எல்லாரும் ஒரே விதியைப் பின்பற்றுங்கள். அம்மா வேண்டாம் என்றதைப் பாட்டி கொடுத்தால் ஏற்பாடு அன்றே குலைந்துவிடும்.

இனி மருந்து. இங்கேதான் நம்மவர்கள் முகம் சுருங்குகிறது. 1937இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் பிராட்லி என்னும் மருத்துவர், தம் விடுதியிலிருந்த பிள்ளைகளின் தலைவலிக்கு ஓர் ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலியைவிட அவர்களுடைய படிப்பும் அமைதியும் தேறியதைக் கண்டு வியந்தார். இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் மெத்தில்பெனிடேட், 1944இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்பவர் உருவாக்கியது. தம் மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு 'ரிட்டலின்' என்று பெயர் வைத்தார். மனைவி பெயரைக் கடைக்கு வைப்பவர்களை நாம் அறிவோம், மருந்துக்கு வைத்தவர் இவர்! இது மயக்க மருந்து அல்ல. மூளையின் முன்பகுதியில் செய்தி கடத்தும் டோபமின், நோரட்ரினலின் என்னும் பொருள்களைக் கூடுதல் நேரம் நிற்கச் செய்கிறது. பிரேக்கிற்கு எண்ணெய் போடுவது போல. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், இதயத் துடிப்பு சற்றுக் கூடலாம், வளர்ச்சி சிறிது குறையலாம். அதனால்தான் மருத்துவர் எடையையும் உயரத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். மருத்துவர் சொல்லும் அளவில் இதைச் சாப்பிட்ட பிள்ளைகள், பின்னாளில் போதைப் பழக்கத்தில் விழுவது இதனால் கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. வெளிநாடு போகுமுன் மருத்துவரிடம் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து மட்டும் போதுமா? 1999இல் முடிவு வெளியான, 579 பிள்ளைகளைக் கொண்ட பெரிய அமெரிக்க ஆய்வில், பதினான்கு மாத முடிவில், கவனமாகக் கொடுத்த மருந்து குறைபாட்டின் அறிகுறிகளைப் பயிற்சியைவிட நன்றாகக் குறைத்தது. பயிற்சியையும் சேர்த்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமானதாயிற்று. ஆனால் ஆய்வுக்காகத் தந்த கவனிப்பு முடிந்தபின், மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கிடையே வேறுபாடு மறைந்திருந்தது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, இது ஓராண்டில் முடிக்கும் வேலை அன்று, பிள்ளையோடு கூடவே நடக்க வேண்டிய வேலை என்பதே. பள்ளிக்குப் போகாத சிறு பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மருந்து அல்ல.

ஒரு வீட்டில் மருந்தைப் பழைய மைலோ டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். மாமியாருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் "பைத்தியக்கார மாத்திரை" என்று ஊரெல்லாம் பரவும், பெரிய மகளின் திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்று அச்சம். பிள்ளையோ அந்த டின்னைப் பார்த்து, தன்னிடம் வெட்கப்பட வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று புரிந்துகொண்டான். மாத்திரையைத் துப்பத் தொடங்கினான். அந்த மாமியாரை நான் நேரில் பார்த்துப் பேசினேன். கண்ணாடி போட்டிருந்தார். "அம்மா, உங்கள் கண்ணாடியை யாராவது ஒளித்து வைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்குச் சொல்லியிருந்தா நானே காலையில குடுத்திருப்பேனே" என்றார். இப்போது அவர்தான் கொடுக்கிறார். பசியாறிய பிறகு, அர்ச்சனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து.

வேண்டுதலைப் பற்றியும் கேட்பீர்கள். முடி காணிக்கை, பால்குடம், கையில் கயிறு எதையும் வேண்டாம் என்று இந்த மண்டபத்தில் நின்று நான் சொல்ல மாட்டேன். பெற்றவர் மனத்திற்கு அவை தரும் தெம்பு பெரிது. கேட்டுக்கொள்வது ஒன்றே. தைப்பூசம் முடிந்ததும் பார்க்கலாம் என்று மருத்துவர் பார்க்கும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் நடக்கட்டும்.

பெரியவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு அரைகுறை. இது உயரம் போலவே பெரும்பாலும் மரபுவழி வருவது. இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு மரபால் வருவதாகக் காட்டுகின்றன. வளர்ந்தவர்களில் நூறில் இரண்டு மூன்று பேருக்கு இது தொடர்கிறது. ஓட்டமும் துள்ளலும் அடங்கிப்போகும், மறதியும் அவசரமும் தங்கிவிடும்.

நாற்பத்து நான்கு வயதுக் குளிர்சாதனப் பழுதுபார்ப்பவர் ஒருவர் மகனுக்காக வந்திருந்தார். பெற்றோர் நிரப்ப வேண்டிய படிவத்தைப் பாதி படித்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "டீச்சர், இது என் பையனைப் பத்தியா, என்னைப் பத்தியா?" என்றார். ஒன்பது வேலைகள் மாறியவர். தேசிய சேவையில் அடையாள அட்டையைத் தொலைத்துத் தண்டனை வாங்கியவர். மின்கட்டணமும் நகரமன்றக் கட்டணமும் பணம் இருந்தும் கட்ட மறந்து, அபராதம் மேல் அபராதம். மனைவி அவரிடம் பேசுவதைக் குறைத்து இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. அவருடைய தந்தை சாகும்வரை அவரை 'உதவாக்கரை' என்றே அழைத்தாராம். மருத்துவர் பார்த்தார், குறைபாடு உறுதியாயிற்று. அன்று அவர் அழுதார். வருத்தத்தால் என்று நான் நினைக்கவில்லை.

அவருக்கும் ஏற்பாடுகள்தான் கைகொடுத்தன. கட்டணங்கள் எல்லாம் ஜைரோ வழி வங்கியிலிருந்து தாமாகவே போகும்படி செய்தார். வண்டிச் சாவிக்கு வாசலில் ஓர் ஆணி. வேலைக்குப் போகும் வீட்டின் முகவரியைக் கேட்டவுடனே, போனை வைக்குமுன் எழுதிவிடுவார். மருந்தும் சாப்பிடுகிறார். மனைவிக்குச் சொல்லிப் புரியவைக்க என்னிடம் இருவரும் நான்கு முறை வந்தார்கள். வாகனம் ஓட்டுவோர் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். இக்குறைபாடு உள்ளவர்களுக்குச் சாலை விபத்துகள் அதிகம் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை.

எங்கே போவது? பள்ளிப் பிள்ளை என்றால் முதலில் வகுப்பாசிரியரிடமும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு உதவும் பள்ளி அலுவலரிடமும் பேசுங்கள். பிறகு பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கினால், மனநலக் கழகத்திலோ மருத்துவமனையிலோ உதவிக் கட்டணத்தில் பார்க்கலாம். பள்ளிக்குச் செல்லாத சிறு பிள்ளைகளைக் கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனையின் பிள்ளை வளர்ச்சிப் பிரிவில் பார்ப்பார்கள். மதிப்பீட்டு அறிக்கை இருந்தால், தேசியத் தேர்வுகளில் கூடுதல் நேரம் போன்ற சலுகைக்குப் பள்ளி மூலம் விண்ணப்பிக்கலாம். தேர்வு ஆண்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நன்கொடையாளப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். கல்வி நிதிகள் பலவற்றின் படிவத்தில் மதிப்பெண்ணும் வருகையும் கேட்கிறார்கள். நல்ல நோக்கத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் நான் சொன்ன பிள்ளைகள் அந்த இரண்டு கட்டங்களிலேயே வெளியே போய்விடுகிறார்கள். துணைப்பாடத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, காத்திருக்க முடியாத ஏழைக் குடும்பங்களின் மதிப்பீட்டுக் கட்டணத்துக்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். தனியாரிடம் அதற்கு ஆயிரம் வெள்ளிக்கு மேலும் ஆகும். கவனம் நிற்காத பிள்ளையை இன்னொரு துணைப்பாட வகுப்பில் உட்கார வைக்க ஆகும் செலவைவிட இது பயனுள்ளது என்பது என் கருத்து. வாரியச் செயலாளரிடம் இதைப் பற்றி ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்னதானத்திற்கு அழைப்பு வந்துவிட்டது. தனியாகப் பேச விரும்புவோர் மண்டபத்தின் பின்புறம், காலணி மாடத்துக்கு அருகிலுள்ள மேசைக்கு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வரலாம், அங்கே ஓட இடம் இருக்கிறது.